நீலகிரிச் சதுப்புகளில் கோரை உள்ளான்களைப் பதிவு செய்யும் முறை

அக்டோபரிலிருந்து மார்ச் வரை அவலாஞ்சி, மேல்பவானி, பைக்காரா பகுதிகளின் சதுப்புகளில் வலசை வந்து தங்கும் கோரை உள்ளான்களும் (ஸ்னைப்), சோலைக்குள் பதுங்கும் வுட்காக் என்னும் பறவையும் கடலோரத்து உள்ளான்களின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கரைப்பறவைகளின் மரபணுப் பன்மையை ஆராய்வோருக்கு மலையில் இருப்பவர்கள் தரக்கூடியது ரத்தமோ இறகோ அன்று. இனப்பெயர், இடம், நாள், சதுப்பின் நிலை ஆகிய நான்கும் பிழையின்றி அமைந்த பதிவே அவர்களுக்குத் தேவை. அதை எவ்வாறு செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், இந்தப் பறவைகளின் மரபியல் நம் சோலைப் பறவைகளின் மரபியலைப் போன்றதன்று என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நீலகிரிச் சோலைக்கிளியும் பழனி மலையில் வாழும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும் பாலக்காட்டுக் கணவாயால் நெடுங்காலமாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி இனங்களாகிவிட்டன. ஆகவே உதகையில் எடுத்த மரபணு மாதிரி நீலகிரியின் இனக்கூட்டத்தைப் பற்றியே பேசும். கோரை உள்ளானுக்கு அது பொருந்தாது. ஒரே சேற்றில் அருகருகே இரை தேடும் இரண்டு பறவைகள் மிகத் தொலைவான இரு வேறு நாடுகளில் குஞ்சு பொரித்தவையாக இருக்கலாம். கரைப்பறவைகள் பரவலாக இடம் மாறிக் கலப்பதால் தொலைதூரக் கூட்டங்களுக்கிடையிலும் மரபணு வேறுபாடு குறைவாக இருப்பதுண்டு. கெண்டிஷ் உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவையின் யூரேசியக் கூட்டங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதன் உள்ளினமாகக் கருதப்பட்டு வந்த, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுதும் வாழும் பறவையை, மரபணுச் சான்றும் உடலமைப்புச் சான்றும் சேர்ந்து 2023-இல் அனுமன் உப்புக்கொத்தி என்னும் தனி இனமாக்கின. எது கலக்கிறது, எது பிரிந்து நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது.

இனக்கூட்டம் சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உண்மையில் இனப்பெருக்கத்தில் பங்குபெறும் பறவைகளின் எண்ணிக்கையை 50 என்று கொண்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுப் பன்மையில் நூற்றில் ஒரு பங்கு தற்செயலாகவே தொலைகிறது. தென்மேற்கு ஸ்வீடனில் குறைந்துகொண்டே வந்த, டன்லின் என்னும் கரைப்பறவையின் கூட்டமொன்றில், நெருங்கிய உறவுள்ள பறவைகள் இணைசேர்ந்ததால் முட்டை பொரிப்பது குறைந்ததை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. இமயமலையில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் நீலகிரி வரை வரும் வுட் ஸ்னைப் என்னும் கோரை உள்ளான் இனத்தின் மொத்த எண்ணிக்கை உலக அளவிலேயே 10,000-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. எனவே அதைப் பற்றிய ஒவ்வொரு பதிவுக்கும் எடை அதிகம்.

இனம் காண்பதில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன. இதற்கு நேரம் செலவிடுங்கள். தலையிலிருந்து தொடங்குங்கள். உச்சந்தலையில் பட்டைகள் குறுக்காக ஓடினால் அது வுட்காக்; அலகிலிருந்து பிடரி நோக்கி நீளவாட்டில் ஓடினால் ஸ்னைப் வகை. அடுத்து, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். தெளிவான வெள்ளைக் கோடு தெரிந்தால் சாதாரணக் கோரை உள்ளான். தெரியாவிட்டால் ஊசிவால் உள்ளானாக இருக்க வாய்ப்புண்டு. ஊசிவால் உள்ளானின் வாலில் 26 அளவில் இறகுகள் இருக்கும். ஓரத்தில் இருப்பவை குண்டூசி போல மெலிந்திருக்கும். சாதாரண உள்ளானுக்கு வழக்கமாக 14 தான். பறவை சோம்பல் முறித்து வாலை விரிக்கும் நொடியில் ஒரு படம் கிடைத்தால் ஐயம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஊசிவால் உள்ளானையும் ஸ்வின்ஹோ ஸ்னைப்பையும் களத்தில் பிரிக்க முயலாமல், ‘இரண்டில் ஒன்று’ என்றே எழுதுங்கள். பறவைப் பதிவுகளை ஏற்றும் இணையதளமான இ-பேர்டில் அதற்கெனத் தனிப் பதிவு இருக்கிறது. வுட் ஸ்னைப் பருத்த உடலும் அகன்ற இறக்கையும் கொண்டது. வயிறு முழுதும் பட்டைகள் இருக்கும். கத்தாமல், மெதுவாக, கனத்துப் பறக்கும். சாதாரண உள்ளானோ கரகரவெனக் கத்திக்கொண்டு வளைந்து நெளிந்து பறக்கும். அரிய பறவையைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆசையில் கருத்த உள்ளானையெல்லாம் வுட் ஸ்னைப் என்று எழுதுவதைவிட, ‘ஸ்னைப், இனம் உறுதியில்லை’ என்ற பதிவு ஆயிரம் மடங்கு மேல்.

பறவையை மிரட்டி எழுப்பிப் பார்ப்பது எளிது. ஆனால் உறைபனிக் காலையில் இரை தேடும் பறவைக்கு அது வீண் செலவு. சேற்றுக்குள் இறங்காமல், வெயில் ஏறுவதற்கு முன் மேட்டில் அமர்ந்து தொலைநோக்கியால் விளிம்பை மெல்ல அலசுங்கள். வுட்காக் பகலில் சோலையின் சருகில் அசையாமல் கிடந்து, இருட்டும்போதுதான் ஈரப் புல்வெளிக்கு மண்புழு தேடி வரும். எனவே சோலையும் சதுப்பும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் அந்திப்பொழுதில் காத்திருப்பது பயன் தரும். அதே நேரத்தில் காட்டெருமையும் அங்கே வரும் என்பதால் தனியாகச் செல்லாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

பறவை இல்லாத நாளிலும் சதுப்பை எழுதி வையுங்கள். கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸை இயக்கிக்கொண்டு ஈரத்தின் விளிம்பைச் சுற்றி நடந்தால் எல்லை கிடைத்துவிடும். கோரை உள்ளானின் அலகு ஏறக்குறைய 6 அல்லது 7 செ.மீ. நீளம், விளிம்பு மண்ணில் ஒரு பென்சிலை விரலால் அழுத்தினால் அந்த ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றுநீரை மோட்டார் வைத்துத் தோட்டத்துக்கு எடுப்பது, கேரட் கழுவும் நீர் வந்து சேர்வது, வடிகால் வெட்டி உருளைக்கிழங்கு போடுவது ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். பறவை குறைந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறதா, அது குஞ்சு பொரிக்கும் நாட்டில் இருக்கிறதா என்று பின்னாளில் பிரித்தறிய இந்தக் குறிப்புகள் வேண்டியிருக்கும்.

மாதிரி சேகரிப்பு அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆய்வுக்காகப் பறவையைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உதிர்ந்த இறகையும் எடுத்து வராமல், படமெடுத்து இடத்தைத் தெரிவியுங்கள். அத்தகைய குழுவில் உதவியாளராகச் செல்ல நேர்ந்தால் சிலவற்றைத் தெரிந்திருப்பது நல்லது. இறகின் அடிக்குருத்தைத் தொடக்கூடாது, டி.என்.ஏ. அங்கேதான் மிகுதி. மலையின் ஈரக் காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும் என்பதால் காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல்லோடு வைப்பார்கள். மாதிரிகளைக் காக்கப் பயன்படும் ஆல்கஹால் பட்டால் பேனா மை கரையும்; உறையின் மேல் பென்சிலால் எழுதுவதே பாதுகாப்பு. இறந்த பறவையைக் கண்டால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காலில் வளையம் இருந்தால் எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

பதிவுகளை இ-பேர்டில் ஏற்றும்போது பறவையைக் காணாத நாளின் பட்டியலையும் சேர்த்தே ஏற்றுங்கள். கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024-இல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டதைப் போன்ற ஏற்பாடு எல்லாச் சதுப்புக்கும் கிடைத்துவிடாது. பெயரே இல்லாத ஊற்றுச் சதுப்புகளைப் பற்றி வனத்துறைக்கோ ஊராட்சிக்கோ மனு எழுதும்போது வரைபடத்தையும் ஆண்டுவாரிப் பட்டியலையும் இணையுங்கள். ஏப்ரலில் பறவைகள் போன பிறகு அதே எல்லையை மீண்டும் நடந்து அளந்து, அக்டோபரில் எடுத்த அளவின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.