ஸ்வே பார் மாற்றும்போது செய்யும் தவறுகள்: பின்புறத்தை மட்டும் தடிப்பாக்கிவிட்டு வராதீர்கள்

சென்ற மாதம் எங்கள் டர்பன் நகரத்துப் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி தன் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை சாட்ஸ்வர்த்திலுள்ள என் வீட்டு முற்றத்துக்கு ஓட்டி வந்தார். பின்புறத்தில் புதிதாகப் பூட்டிய ஸ்வே பார் (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) சிவப்பு வண்ணத்தில் மின்னியது. முன்புறத்தில் தொழிற்சாலையில் போட்ட அதே பழைய பார். "அண்ணா, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே திரும்பிவிடுகிறது!" என்றார். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "மாற்றிய பிறகு மழையில் ஓட்டினீர்களா?" இல்லை என்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு திரிந்தேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள் போன்ற அறிவுரைகள் இதில் இருக்காது. அது தெரியாதவர்கள் ஸ்பேனரையே தொட வேண்டாம்.

டர்பன் உதிரிபாகக் கடைகளில் ஸ்டெபிலைசர் என்று கேட்டாலும் ஸ்வே பாரைத்தான் எடுத்துத் தருவார்கள். அகன்ற 'ப' வடிவில் வளைத்த உருக்குக் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் காரின் உடலோடு பிடித்திருக்கும். இரு முனைகளும் லிங்க் எனும் சிறு இணைப்புத் தண்டு வழியாக இடது, வலது சஸ்பென்ஷன் கைகளோடு இணைந்திருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும். வளைவில் கார் சாய்ந்து, ஒரு சக்கரம் மேலேறி மற்றது கீழிறங்கும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கும். அதற்கு வேறு வேலை கிடையாது.

பிரேக் போட்டால் மூக்கு குனிகிறது என்று வாங்குவது

சம்பந்தமே இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக அமுங்கும்போது கம்பி முறுக்கேறாது.

"நான்கு மில்லிமீட்டர்தானே" என்பது

கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 24 போட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 19-லிருந்து 22-க்குப் போனாலே ஏறக்குறைய 80 சதவீதம் கூடும். குழாய் வடிவ பார் வாங்குபவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். வெளிவிட்டம் 25, சுவர்த்தடிப்பு 4 மில்லிமீட்டர் உள்ள குழாய், விறைப்பில் ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர் திடக் கம்பிக்குச் சமம். எடையில் மட்டும் நாற்பது சதவீதம் மிச்சம். வெளிவிட்டத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

பின்புறத்தை மட்டும் மாற்றுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கார் பைத்தியம் பிடித்தவர்களில் பாதிப் பேர் சிட்டி கோல்ஃப் என்ற ஃபோக்ஸ்வாகன் காரில் வளர்ந்தவர்கள். உலகமெல்லாம் முதல் தலைமுறை கோல்ஃபை மறந்த பிறகும் 1984 முதல் 2009 வரை எங்கள் தென்னாப்பிரிக்காவில் அதை இந்தப் பெயரில் செய்துகொண்டே இருந்தார்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் அது. வளைவில் மூக்கு வெளியே தள்ளும். பின்புறத்தில் தடித்த பார் ஒன்றைப் போட்டால் அந்தப் பிடிவாதம் தளர்ந்து கார் அழகாகத் திரும்பும். வளைவின் நடுவில் உட்புறப் பின்சக்கரம், கம்பத்தடியில் காலைத் தூக்கும் நாயைப் போல அந்தரத்தில் நிற்கும். நின்றால் என்ன? இழுப்பது முன்சக்கரம். தூக்கிய காலால் நட்டமில்லை.

இதே பாடத்தை அப்படியே எம்எக்ஸ்-5-க்குக் கொண்டுவருகிறார்கள். இதில் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. அந்தரத்தில் நிற்பது வேலைக்காரனின் கால்! லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இல்லாத காராக இருந்தால் உட்புறச் சக்கரம் காற்றில் சுற்றும், எஞ்சின் கத்தும், வளைவை விட்டு வெளியேற வேண்டிய கார் அசட்டுத்தனமாக நிற்கும்.

அதுகூடப் பரவாயில்லை, நேரம்தான் வீணாகும். காலை வாரிவிடுவது வேறொன்று. வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் மொத்தப் பாரத்தை எந்த ஸ்வே பாராலும் குறைக்க முடியாது. காரின் எடை, எடைமையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி, வளையும் வேகம் ஆகியவை சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பாரமாற்றத்தில் முன்புறம் எவ்வளவு ஏற்பது, பின்புறம் எவ்வளவு ஏற்பது என்ற பங்கீட்டை மட்டுமே பார் மாற்றும். எந்தப் பக்கம் விறைக்கிறதோ அந்தப் பக்கத்து வெளிச்சக்கரத்தின் தலையில் கூடுதல் பங்கு விழும். டயரின் குணமோ, பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும்.

கோயில் அன்னதானத்தில் சாம்பார் அண்டாவைத் தடியில் மாட்டி இருவர் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா நடுவில் தொங்கும்வரை இருவரும் விறுவிறுவென்று நடப்பார்கள். ஒருவர் பக்கம் சறுக்கிவிட்டால் அவருக்கு முழங்கால் மடங்கும், மற்றவர் சும்மா தடியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எடை கூடவில்லை, ஆனால் ஜோடியின் பலம் குறைந்துவிட்டது. பின்புற பாரை மட்டும் தடிப்பாக்கும்போது பின்டயர் ஜோடிக்கு நடப்பது இதுதான்.

பெரும்பாலான சாலைக் கார்களை மூக்கு வெளியே தள்ளும்படிதான் தொழிற்சாலையில் அமைத்து அனுப்புகிறார்கள். பயந்துபோன ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் அடங்க வேண்டும் என்பதற்காக. வால் வீசும் கார் காலை எடுத்தால் அடங்காது, இன்னும் வீசும்.

நான் இதைக் கற்ற இடம், போத்தாஸ் ஹில் பக்கத்துப் பழைய மெயின் ரோடு. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் மூச்சு வாங்கும் அதே மேடு பள்ளம். புதுப் பின்பார் பூட்டி ஒன்பது நாள். டிசம்பர் மாத மாலை மழை அப்போதுதான் விட்டிருந்தது. இறக்கத்தில் ஒரு வலது வளைவு, இரண்டாம் கியர், அறுபதைக்கூடத் தொடவில்லை. ஓரத்தில் ஒருவர் மாடு ஓட்டி வருவதைக் கண்டு காலை எடுத்தேன், அவ்வளவுதான். பாரம் முன்னே சாய்ந்தது, பின்புறம் லேசானது, வால் இடப்பக்கம் கிளம்பிவிட்டது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பத் தொடங்கியபோது பக்கவாட்டுக் கண்ணாடி வழியே, நான் போக வேண்டிய சாலை தெரிந்தது. இடது பின்சக்கரம் சாலையோரச் சிமென்ட் விளிம்பில் மோதிக் கார் நின்றது. எதிரே வண்டி வராதது என் அம்மா செய்த பூசைகளின் பலன். மாட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

ரிம், கீழ்க்கை, வீல் பேரிங், அலைன்மென்ட் என்று செலவு நீண்டது. பாருக்குக் கொடுத்த ரேண்டைப் போல நான்கு மடங்கு. மச்சான் தன் பக்கியில் (பிக்கப் வண்டியில்) கட்டி இழுத்து வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

எம்எக்ஸ்-5-இல் முதலில் முன்பாரைப் பெரிதாக்குங்கள், பின்புறத்தைத் தொழிற்சாலை பாரோடு விட்டுவிடுங்கள். "முன்புறம் விறைத்தால் மூக்கு இன்னும் தள்ளாதா?" என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். ஏட்டுக்கணக்குப்படி தள்ள வேண்டும். ஆனால் சாய்வு குறையும்போது முன்டயர்கள் ஓரத்தில் ஏறி நிற்காமல் முழு அகலத்தோடு தரையில் பதிகின்றன. அதில் திரும்பக் கிடைக்கும் பிடிப்பு கணிசமானது. உட்புறப் பின்சக்கரமும் தரையிலேயே இருக்கும். அதன் பிறகும் மூக்கு தள்ளுகிறது என்று உங்கள் கைக்கே தெரிந்தால், அப்போது பின்புறத்தில் ஒரு படி ஏற்றலாம். ஒரே ஒரு படி.

பீனிக்ஸ் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். முன்பாருக்குப் பணம் சேர்க்கிறாராம். அதுவரை சிவப்புக் கம்பி அங்கேயே இருக்குமாம். மழை அதுவரை காத்திருக்கும் போலிருக்கிறது.

ஓட்டைகளைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

சரிசெய்யும் வசதியுள்ள பாரின் முனையில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். நுனி ஓட்டைதான் விறைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. லிங்க் நுனியில் இருந்தால் நெம்பும் கை நீளம், கம்பி எளிதாக முறுக்கும். உள்ளே வர வர விறைக்கும். கை 250 மில்லிமீட்டரிலிருந்து 225 ஆகக் குறைந்தாலே விறைப்பு ஏறக்குறைய 23 சதவீதம் கூடிவிடும். புது பாரை எப்போதும் நுனி ஓட்டையில் தொடங்குங்கள். இடது வலது இரண்டும் ஒரே ஓட்டையில்தானா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். மாற்றிப் பூட்டிய காரை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

சக்கரம் தொங்கும்போது லிங்க்கை முடுக்குவது

காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்கள் தொங்க, நட்டுகளை இறுதி வரை முடுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். லிங்க்கின் முனையில் ரப்பர் புஷ் இருந்தால் அது அந்த நிலையிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் முறுக்கேறி, சில மாதங்களில் கிழியும். காரைத் தாழ்த்தியவர்களுக்கு இன்னொரு தலைவலி: நீளம் மாற்றும் லிங்க்கை இரு பக்கமும் ஒரே அளவில் வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். காரைத் தரையில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டைகளை வைத்து, ஒரு பக்க லிங்க்கைக் கழற்றிப் பாருங்கள். போல்ட் ஓட்டைக்குள் தானாக நழுவ வேண்டும். நெம்பித் திணிக்க வேண்டியிருந்தால் கம்பி ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இடப்பக்கம் ஒரு குணம், வலப்பக்கம் ஒரு குணம் என்று கார் ஓடும்.

எங்கள் கடலோர உப்புக்காற்றில் பழைய லிங்க் நட்டு எளிதில் கழலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். நட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றினால் தண்டின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவும் உளுத்துப்போயிருந்தால் அறுத்துவிடுங்கள். லிங்க் மலிவு, விரல் எலும்பு மலிவு இல்லை.

பாலியூரித்தேன் புஷ்ஷைக் காய்ந்தபடி பூட்டுவது

சிலிகான் கிரீஸ். இல்லையென்றால் வேகத்தடைகள் எல்லாவற்றிலும் கிறீச்சிடும்.

முன்புறப் பிடிமானத்தை மறப்பது

பழைய எம்எக்ஸ்-5-களில் பெரிய முன்பார் போடுபவர்கள், அதைத் தாங்கும் மெல்லிய தகட்டுப் பிடிகளுக்கும் பலமூட்ட வேண்டும். பார் தாங்கும், பிடி கிழியும்.

தேய்ந்த டயரில் சோதிப்பது

வேண்டாம்.

பழைய பாரைக் கொடுத்துவிடுவது

விபத்துக்குப் பிறகு தொழிற்சாலைப் பின்பாரையே திரும்பப் பூட்ட நினைத்தேன். அதைத்தான் பெருந்தன்மையாகப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். வேலியோரத்தில் அதைத் தலைகீழாக நட்டு, பாகற்கொடியை ஏற்றியிருந்தார். கொடி கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏறி, புஷ் இருந்த இடத்தில் இரண்டு பிஞ்சுகள் தொங்கின. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "காய்ப்பு முடியட்டும் தம்பி, பிறகு பிடுங்கிக்கொள்" என்றார். ஏப்ரல் வரை காத்திருந்தேன். அதுவரை வாரம் தவறாமல் ஒரு பை பாகற்காய் எங்கள் வீட்டுக்கு வந்தது.