சைக்கிக் ப்ரொஃபைலரை வைத்து சென்னையில் ஒரு க்ரைம் திரில்லர் எழுதுவது எப்படி?

கண்ணை மூடினால் கொலை நடந்த இடம் தெரிகிற ஒரு நாயகி. ஊரில் வரிசையாகக் கொலைகள். போலீஸ் அவளைத் தேடி வருகிறது. இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நாவலைத் தொடங்கிவிடலாம். நாற்பதாவது பக்கத்தில் கதை முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் தெரிந்த ஒருத்தி இருக்கும்போது துப்பறிய என்ன மிச்சம் இருக்கிறது?

இப்படிப்பட்ட ஒரு நாவலைச் சமீபத்தில் எழுதி முடித்தேன். அந்த முட்டுக்கட்டையை எப்படித் தாண்டுவது என்பதுதான் இந்தப் பதிவு. கதாபாத்திரம், முரண், உச்சக்கட்டம் போன்ற பாலபாடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சக்திக்கு ஒரு ஊர் கொடுங்கள்

செத்தவரின் கைக்கடிகாரத்தைத் தொட்டதும் காட்சி ஓடுவது ஹாலிவுட் சரக்கு. நம்மிடம் அதைவிட நல்லது இருக்கிறது. அருள்வாக்கு, சோழி, கோடாங்கி, வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது. நகை தொலைந்ததும் மை போட்டுப் பார்த்த கதை பாதி வீடுகளில் இருக்கும். அதனால் வாசகருக்கு நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டாம்.

மை போடுவதில் ஒரு விஷயம் கதைக்கு அருமையாக உதவும். பல இடங்களில் மை தடவுகிறவர் தானே பார்ப்பதில்லை. ஒரு குழந்தையை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வார். என் நாயகி வடிவு பழைய வண்ணாரப்பேட்டையில் அப்படி உட்கார வைக்கப்பட்ட குழந்தை. வளர்ந்து கிளினிக்கல் சைக்காலஜி படித்துவிட்டுக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். 1794-ல் தொடங்கிய நிறுவனம் அது. குற்றம் நடந்த விதத்தை வைத்துக் குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று கணிப்பவர்தான் ப்ரொஃபைலர். எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் மாதிரி 'ப்ரொஃபைலர்' என்று ஒரு நாற்காலி நம் ஸ்டேஷனில் கிடையாது. ஆகவே வெளியில் ஒரு வேலையில் இருப்பவளைக் கொண்டுவருவதுதான் நம்பும்படி இருக்கும். அவள் படித்த படிப்பே அவள் பார்வையைச் சந்தேகப்படும் என்பது கூடுதல் லாபம்.

அடுத்து, ஒரே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன தெரியும், என்ன தெரியாது, தெரிந்துகொள்வதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள். வடிவுக்கு இறந்தவரின் கடைசி நிமிடங்களில் இருந்த வாசனை, சத்தம், ருசி இவ்வளவுதான் கிடைக்கும். முகம் ஒருபோதும் தெரியாது. முகம் தெரிந்தால் அடுத்த அத்தியாயத்தில் கைதுதான், கதை முடிந்தது. எழுதி ஒட்டிய விதியை இருபதாவது அத்தியாயத்தில் வசதிக்காக மாற்றாதீர்கள். வாசகர் புத்தகத்தை மூடுவது அங்கேதான்.

படி 2: ப்ரொஃபைலிங் எதைச் செய்யும், எதைச் செய்யாது

எஃப்.பி.ஐ. தன் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது 1972-ல். அதற்கு முன்பே, 1956-ல், நியூயார்க்கில் பல வருடங்களாகக் குண்டு வைத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பற்றி ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் ஒரு சித்திரம் கொடுத்தார். பிடிபடும்போது முன்பக்கம் இரண்டு வரிசைப் பட்டன் உள்ள கோட்டுப் போட்டு, பட்டனையும் மாட்டியிருப்பான் என்று அவர் சொன்னதாகத்தான் எல்லோரும் கதை சொல்வார்கள். ஆனால் ஜார்ஜ் மெட்டெஸ்கி என்ற அந்த ஆளைக் கண்டுபிடித்தது, அவன் முன்பு வேலை பார்த்த மின் நிறுவனத்தின் பழைய கோப்புகளைப் புரட்டிய ஆலிஸ் கெல்லி என்ற எழுத்தர். பத்திரிகைக்கு அவன் எழுதிய கடிதங்களில் இருந்த சொற்கள், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு எழுதிய கடிதங்களிலும் இருந்தன. 1957 ஜனவரியில் கைது.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. யார்க்‌ஷயர் கொலைகளின்போது தானே கொலைகாரன் என்று சொல்லி 1979-ல் வந்த ஒரு போலி ஒலிநாடாவை நம்பி, அதில் இருந்த வட்டார உச்சரிப்பைத் துரத்திக்கொண்டு போனார்கள். உண்மைக் கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃபை அந்த வழக்கு ஓடிய வருடங்களில் 9 முறை விசாரித்து விட்டுவிட்டிருந்தார்கள். 1981 ஜனவரியில் அவன் சிக்கியது காரில் போலி நம்பர் பிளேட் மாட்டியிருந்ததால்.

இந்த இரண்டு வழக்கையும் நன்றாகப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள். சித்திரம் வட்டத்தைச் சுருக்கும், சில சமயம் வழியையும் மாற்றிவிடும். ஆளைப் பிடிப்பது கோப்பும் நம்பர் பிளேட்டும்தான். உங்கள் கதையிலும் கோப்புகளை எழுதிப் பராமரிக்கிற ஸ்டேஷன் ரைட்டர் ஒருவருக்கு நல்ல காட்சி ஒன்று வையுங்கள்.

படி 3: ஸ்டேஷனுக்குள் யார் யார்

சினிமா பார்த்துக் கொலை வழக்கை 'க்ரைம் இன்ஸ்பெக்டர்' கையில் கொடுத்துவிடுகிறார்கள். சென்னையில் க்ரைம் பிரிவு என்றால் திருட்டு, வழிப்பறி போன்ற சொத்துக் குற்றங்கள். கொலை, சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டரிடம் போகும். ஸ்டேஷனில் யாரும் 'மயிலாப்பூர் காவல் நிலையம்' என்று நீட்டி முழக்குவதில்லை. 'ஈ-1', 'ஜே-2', 'ஆர்-1' என்றுதான் பேச்சு. இந்த ஒரு எழுத்தும் எண்ணும் வசனத்துக்கு எவ்வளவு உயிர் கொடுக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

தொடர் கொலைக் கதைக்கு இன்னொரு வரப்பிரசாதம், 2022-லிருந்து சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று கமிஷனரேட் இருப்பது. கொலை ஓர் எல்லையில், உடல் இன்னோர் எல்லையில். முதல் இரண்டு சாவும் கொலை என்றே பதிவாகியிருக்க வேண்டியதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவு போட்டு சந்தேக மரணமாகத் தனித்தனி ஸ்டேஷனில் படுத்திருக்கலாம். அவை ஒரே கையின் வேலை என்று யாரும் கோத்துப் பார்க்கவில்லை என்பதை நம்ப வைக்க, போலீஸை முட்டாளாகக் காட்டத் தேவையே இல்லை.

படி 4: தெரிந்ததைச் சாட்சியமாக்குவது

இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது. இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

வடிவுக்கு ஒன்று தெரிகிறது. அதை அவள் இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறாள். அப்புறம்? கோர்ட்டில் 'பார்த்தேன்' என்று சொல்ல வேண்டுமானால் அவள் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். புதைத்த இடம் தெரியும் என்றாலோ நிலைமை இன்னும் மோசம். கஸ்டடியில் இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தத் தகவலில் அந்தப் பொருளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு அது. புதிய பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமில் 23-வது பிரிவின் கீழ் வருகிறது. யோசித்துப் பாருங்கள். உடல் கிடக்கும் இடத்தைச் சரியாகச் சொல்கிறவரைச் சட்டம் எந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பழகியிருக்கிறது? குற்றவாளியின் நாற்காலியில். உங்கள் நாயகி எவ்வளவு சரியாகச் சொல்கிறாளோ அவ்வளவு சந்தேகம் அவள் மேல் விழும்.

இது புரிந்ததும் எல்லாம் தெரிந்த நாயகி என்ற பிரச்சினை தீர்ந்துவிடும். அவளுக்குத் தெரிவதால் கதை முடியாது. தெரிவதுதான் அவளுக்கு ஆபத்து. அவள் பார்வையை விடையாக எழுதாதீர்கள். போலீஸ் வேறு வழியில் சரிபார்க்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றுங்கள்.

உதாரணம் ஒன்று. போரூர் ஏரியில் ஓர் உடல் மிதக்கிறது. தவறி விழுந்திருக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வடிவுக்கு வாயில் உப்பு கரிக்கிறது.

"ஏரியில மிதந்த பாடிக்கு உப்புத் தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க மேடம்?"

"எப்படின்னு கேக்காதீங்க சார். டாக்டர்கிட்ட டயாட்டம் டெஸ்ட் கேளுங்க. நான் சொன்னது தப்புன்னா என்னை விட்டுடுங்க."

"சரியா இருந்தா?"

"அப்ப நீங்க என்னை விட மாட்டீங்க."

டயாட்டம் என்பது நீரில் வாழும் நுண்பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. அமிலத்தில் போட்டாலும் கரையாது. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது அது நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்த பிறகு தூக்கிப் போட்ட உடலில் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் மஜ்ஜைக்கு அது போய்ச் சேராது. நன்னீரில் இருக்கும் வகைகள் வேறு, எண்ணூர் கழிமுகம் போன்ற உவர் நீரில் இருப்பவை வேறு. தொடை எலும்பு மஜ்ஜையில் உவர் நீர் வகை இருந்தால், ஆளை அங்கே மூழ்கடித்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். இப்போது வழக்கு டாக்டரின் அறிக்கையில் நிற்கிறது. வடிவு சாட்சிக் கூண்டு ஏற வேண்டியதில்லை. ஆனால் டெஸ்ட் கேட்கச் சொன்னது யார் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். மீதி முந்நூறு பக்கமும் அதில்தான் ஓடும்.

டயாட்டம் முடிவுகளைக் குறுக்கு விசாரணையில் ஆட்டிப் பார்க்கலாம். மாதிரி எடுக்கும்போது குழாய்த் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்கட்டும். கோர்ட் காட்சிக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது.

கொலைகாரனை, மருந்து கொடுத்துப் பேச வைக்கும் நார்கோ டெஸ்ட்டுக்கு உட்படுத்தி எல்லாவற்றையும் கக்க வைப்பது அலுத்துப்போன குறுக்குவழி. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனைகளைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. கதையில் அவன் தானாகச் சம்மதிக்கிறான் என்றால் ஏன் சம்மதிக்கிறான் என்று எழுதுங்கள். எனக்கென்னவோ அது டெஸ்ட்டைவிட சுவாரசியமான அத்தியாயமாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. நிபுணர் கருத்து பற்றிய பிரிவில் அறிவியல், கலை என்ற பட்டியலோடு 'வேறு எந்தத் துறையும்' என்பதையும் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. மை போட்டுப் பார்ப்பது ஒரு துறையா என்று ஒரு வக்கீல் எழுந்து கேட்டால் நீதிபதியின் முகம் எப்படி இருக்கும்? நான் அதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினேன்.

படி 5: வெயில்

வெளிநாட்டுக் கதைகளில் உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து இறந்த நேரம் சொல்வார்கள். மனித உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி. மே மாதச் சென்னை மதியம் 40-ஐத் தொடும். உடல் எங்கே போய்க் குளிரும்? அழுகலும் சீக்கிரம் ஆரம்பித்துவிடும்; வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் பச்சை நிறம் கோடையில் 12 முதல் 18 மணி நேரத்திலேயே தெரியலாம். ஆக, டாக்டரை 'இரவு 11.20' என்று சொல்ல வைக்காதீர்கள். ஒரு நீண்ட இடைவெளிதான் சொல்வார். வேறு இடத்தில் இருந்தேன் என்ற கொலைகாரனின் அலிபி அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளட்டும்.

படி 6: நிஜ வழக்குகளைத் தொடும்போது

வெளிநாட்டுத் தொடர்களைப் பார்ப்பதைக் குறைத்துவிட்டு நம் ஊர் வழக்குகளைப் படியுங்கள். 1952-ல் ஆளவந்தார் கொலையில் தலையில்லாத உடல் பெட்டிக்குள் ரயில் ஏறி மானாமதுரை வரை போனது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. திருவான்மியூரை உலுக்கிய ஆட்டோ சங்கர் வழக்கு எல்லோருக்கும் தெரியும். அவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி 'நக்கீரன்' தரப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் கொடுத்த தீர்ப்பைத்தான் நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டும். பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதி இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் அது வேறு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியும்படி எழுதுவதோ தனிக் குற்றம். பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தெருவையும் கல்லூரியையும் அப்படியே விட்டு வைக்காதீர்கள்.

கருவிகள்

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நீண்ட நாவலுக்கு விரல் வலிக்காத முறை இதுதான். வசனத்துக்கு மட்டும் போனில் குரல் தட்டச்சு, ஏனென்றால் வாயால் சொல்ல வராத வசனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நாவலுக்கென்றே விற்கிற மென்பொருள் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். ஒவ்வொரு வரியும் ஒரு காட்சி, மேலிருந்து கீழாக நான்கு பத்திகள். நிஜத்தில் நடந்தது, நாயகிக்குத் தெரிந்தது, போலீஸுக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது. தொடர்ந்து ஐந்து வரியில் நான்கு பத்தியும் ஒன்றாகவே இருந்தால் அந்த ஐந்து காட்சியிலும் பதற்றம் இல்லை என்று அர்த்தம்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த சிலர், நாயகிக்குப் பார்வை வரும் காட்சிகளைச் சாய்வெழுத்தில் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். தமிழில் சாய்வெழுத்து அசிங்கமாக இருக்கும், போனில் படிக்கவும் கஷ்டம். நிகழ்காலத்துக்கு மாறி எழுதுங்கள், போதும்.

இன்னொருவர் கேட்டது நான் யோசிக்காத விஷயம். அவர் கதையில் முதல் கொலை 2023-ல், கடைசிக் கொலை 2025-ல். எந்தச் சட்டம்? புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. எனவே முதல் கொலைக்கு ஐ.பி.சி. 302, கடைசிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. 2023-ல் சந்தேக மரணமாகப் பதிவான கோப்பில் 194 இருக்காது, பழைய 174 இருக்கும். ஷீட்டில் குற்றம் நடந்த தேதிக்கு ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் காட்சியில் அது கைகொடுக்கும்.