தளபதியின் வாழ்க்கையை எழுத உட்காரும் முன்

ராணுவத்தாரின் வாழ்க்கைக் குறிப்பைப் பெரும்பாலானோர் பதக்கப் பட்டியலில் தொடங்குகிறார்கள். அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். இப்படி வரும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. பதக்கங்களுக்குக் கடைசியில் ஒரு வரி போதும். முதலில் ஒரு தாளில் ஆண்டு, இடம், பதவி, பொறுப்பில் இருந்த படை என்று நான்கு பத்தி கோடு போடுங்கள். அமெரிக்க விமானப்படையின் பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியரை வைத்துச் செய்துகாட்டுகிறேன்.

1912இல் வாஷிங்டனில் பிறந்தார். 1932இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தில் சேர்ந்தார். 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார். தாளில் இவ்வளவுதான் ஏறும். அந்த நான்கு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று விசாரியுங்கள். கறுப்பினத்தவர் என்பதால் சக மாணவர்கள் கடமை தவிர வேறெதற்கும் அவரிடம் வாய் திறக்கவில்லை. அறையில் தனி, சாப்பாட்டு மேசையில் தனி. இதை எழுதும்போது ‘சொல்லொணாத் துயரம்’ என்றெல்லாம் அடுக்காதீர்கள். நான்கு ஆண்டும் அறைத்தோழர் கிடையாது என்றால் வாசகருக்குப் புரியும்.

அடுத்து, தாளில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். நல்ல இடத்தில் தேறியவர் விமானப் பிரிவைக் கேட்கிறார், காலாட்படைக்கு அனுப்புகிறார்கள். கறுப்பினத்தவருக்கென்று விமான அணி எதுவும் இல்லை, வெள்ளையர் அணியில் அவரைச் சேர்க்கவும் மாட்டார்கள் என்பதே காரணம். ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் அதிகாரிகள் கிளப்பின் வாசலைக்கூட அவருக்குத் திறக்கவில்லை. 1941இல்தான் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. முதல் வகுப்பில் 13 பேர் சேர்ந்தார்கள், 1942 மார்ச்சில் ஐவர் தேறினார்கள். அவர்களில் ஒருவரான டேவிஸ் அந்த ஆண்டே கறுப்பின விமானிகளின் 99ஆவது ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமான அணிக்கு, தலைவரானார்.

விமானி வேறு, தளபதி வேறு. எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்று தேடிக்கொண்டிருந்தால் தளபதியைத் தவறவிடுவீர்கள். டேவிஸின் கடினமான போர் 1943 அக்டோபரில், பென்டகனில் ஒரு குழுவின் முன்னால் நடந்தது. 99ஆவது அணிக்குத் தாக்கும் வேகம் போதாது, முன்வரிசையிலிருந்து விலக்குங்கள் என்று மேலதிகாரிகளின் அறிக்கை போயிருந்தது. அனுபவப்பட்ட விமானி ஒருவர்கூட இல்லாமல், மற்ற அணிகளைவிடக் குறைந்த ஆட்களோடு போருக்குப் போனோம் என்று டேவிஸ் நிதானமாக எடுத்துச் சொன்னார். அணி தப்பியது. 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரைக்கு மேலே இரண்டே நாளில் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை அது வீழ்த்தியது. வான்சண்டைகளைச் சுருக்கினாலும் இந்தக் கூட்டத்தைச் சுருக்காதீர்கள்.

பிறகு 332ஆவது போர் விமானக் குழுவின் தலைமை. மற்ற குழுக்களுக்கு வழக்கமாக மூன்று ஸ்குவாட்ரன், இதற்கு நான்கு. இத்தாலியின் ராமிடெல்லி தளத்திலிருந்து சிவப்பு வால் பூசிய மஸ்டாங் போர் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தன. காவலில் ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட எதிரி விமானங்களிடம் பறிகொடுக்கவில்லை என்ற பேச்சு 1945 மார்ச்சில் பத்திரிகையில் வந்து, அறுபது ஆண்டு ஊர் சுற்றியது. இத்தகைய பெருமையைச் சோதிக்க வழி உண்டு. காவல் போன குழுவின் அன்றாட அறிக்கையையும், காணாமல் போன விமானங்கள் பற்றிய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளும் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். விமானப்படை வரலாற்றாசிரியர்கள் அப்படிப் பார்த்ததில் குறைந்தது 25 இழப்புகள் தெரியவந்தன. தயங்காமல் எழுதுங்கள். அதே வேலையைச் செய்த மற்ற குழுக்களின் சராசரி இழப்பு இதைவிட நிறைய. எதிரியைத் துரத்திப் புகழ் தேடப் போகாதீர்கள், குண்டுவீச்சு விமானங்களை விட்டு விலகாதீர்கள் என்ற கட்டளையும் டேவிஸுடையதுதான்.

தேதிகளில் வழுக்கும் இடங்கள் உண்டு. கொரியாவில் 51ஆவது விங்கை (பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய விமானப் பிரிவை) அவர் ஏற்றது 1953 நவம்பரில், போர்நிறுத்தம் வந்தது ஜூலையில். ‘கொரியப் போரில் சண்டையிட்டார்’ என்று எழுதினால் தவறு. ‘முதல்’ என்ற சொல் வந்தால் எதில் முதல் என்று கேளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல் 1940இல் அவருடைய தந்தை. மகன் 1954இல் விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல்.

1967இல் பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில், அமெரிக்க விமானப்படையின் பெரும் பிரிவுகளில் ஒன்றான 13ஆவது விமானப்படையின் தலைமை ஏற்றதை ஒரு வரியில் சொல்லலாம். ஓய்வுக்குப் பிந்தைய காலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விமானக் கடத்தல்கள் பெருகியிருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், போக்குவரத்துத் துறையில் பயணிகள் விமானப் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். 1970இல் ஓய்வு பெற்றபோது மூன்று நட்சத்திரம், அதாவது லெப்டினன்ட் ஜெனரல் பதவி. நான்காவதை 1998 டிசம்பரில் அதிபர் கிளின்டன் அணிவித்தார். 2002 ஜூலை 4இல் டேவிஸ் காலமானார். அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை தேடிப்பார்த்து, அவர் பணியில் இருந்த ஆண்டுகளைப் பற்றிய பத்திகளில் அந்த நான்காவது நட்சத்திரம் நுழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.