படம் மட்டும் வராத போன்

இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் அமெரிக்க சிம்மைப் போட்டேன். கால், எஸ்எம்எஸ், இன்டர்நெட் எல்லாம் ஓடியது, எம்எம்எஸ், அதாவது மெசேஜில் வரும் படம் மட்டும் வரவில்லை. பையனின் வகுப்புப் பெற்றோர் மெசேஜ் குரூப்பில் யார் எதை அனுப்பினாலும் டவுன்லோட் என்று ஒரு கட்டம் வரும், அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே அமெரிக்காவில் பலர் வாட்ஸ்அப் பக்கமே வருவதில்லை, அதனால் விட்டுவிடவும் முடியாது.

கஸ்டமர் கேரில் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னதோடு சரி. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், அதற்குள் ஏபிஎன் (போன் கம்பெனியின் டேட்டா நெட்வொர்க்கோடு இணைவதற்கான விவரங்கள் இருக்கும் இடம்) போய்ப் பார்த்தால் எம்எம்எஸ்சி என்ற கட்டம் காலியாக இருந்தது. படங்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் சர்வரின் முகவரி அது, அதில்லாமல் போன் எங்கே போய்ப் படத்தை எடுக்கும்? சிம் கம்பெனி தன் தளத்தில் கொடுத்திருந்த முகவரியை எழுத்து மாறாமல் அடித்தேன். ஏபிஎன் டைப்பில் டிஃபால்ட் மட்டும் இருந்தது, பக்கத்தில் ஒரு கமா போட்டு இடைவெளி விடாமல் எம்எம்எஸ் என்பதையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்தேன். அப்புறம் சேவ் பண்ணி, அந்த ஏபிஎன்னையே தேர்ந்தெடுத்து, ஏர்பிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்ததும் தேங்கிக் கிடந்த படமெல்லாம் வரிசையாக இறங்கியது.

இன்னொன்று, வைஃபைதான் இருக்கிறதே என்று மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தால் பெரும்பாலும் எம்எம்எஸ் நகராது. நீளமான வீடியோவுக்கு இந்த வழி சரிப்படாது, சுருக்கிச் சுருக்கி முகமே தெரியாமல் போய்ச் சேரும், அதற்கு லிங்க் அனுப்புவதே மேல்.