வெயிலும் குளிரும் ஒரே பயணத்தில்: உடை எடுத்துவைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பயணத்தில் கடற்கரையும் மலையும் வருகிறது என்றால், வெயிலுக்கு ஒரு குவியல், குளிருக்கு ஒரு குவியல், மழைக்குத் தனியாக ஏதாவது என்று பிரித்து வைப்பதுதான் பலரின் வழக்கம். மூன்றையும் பெட்டியில் திணித்து, அழுத்திப் பிடித்து ஜிப்பை இழுப்பார்கள். போய் இறங்கிய பிறகு, குளிருக்கென்று கொண்டுபோனது பாதி நாள் சும்மா கிடக்கும். மீதி நாளில் அது போதாது. ஒவ்வொரு துணியையும் ஒரு பருவத்துக்கென்று ஒதுக்கிவிடுவதால் வரும் சிக்கல் இது. வெயிலில் போட்ட சட்டையே குளிரில் உள்சட்டையாக வேண்டும். மழைக்கு எடுத்த மேலாடையே காற்றையும் தடுக்க வேண்டும். ஒன்றோடொன்று சேராத துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயணத்தில் அது சுமை.

சராசரியை நம்பிப் புறப்படுவது

போகும் ஊரின் பெயரையும் மாதத்தையும் தேடி, திரையில் வரும் சராசரி வெப்பநிலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம். 18 டிகிரி என்றால் இதமான ஊர் என்று தோன்றும். ஆனால் பகலில் 28, விடியற்காலையில் 8 என்று இருக்கும் ஊருக்கும் சராசரி அதே 18தான். பாலைவனப் பகுதிகளில் இந்த இடைவெளி இன்னும் கூடும். காற்றில் ஈரமும் வானத்தில் மேகமும் இல்லாததால், பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வேகமாக இழந்துவிடுகிறது. அதனால் அந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை, அதிகபட்ச வெப்பநிலை, மழை நாட்கள், காற்றின் வேகம் எல்லாவற்றையும் பாருங்கள். காற்றைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 5 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது 0 டிகிரி போலத்தான் உறைக்கும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஈக்வடாரின் தலைநகர் குவிட்டோ கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. ஆனாலும் அது சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எந்த மாதம் போனாலும் மாலையில் ஜாக்கெட் வேண்டும். கடலும் இப்படி ஏமாற்றும். கோடைதானே என்று ஜூலையில் அரைக்கால் சட்டையோடு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்குபவர்கள் மூடுபனியில் நடுங்குகிறார்கள். பசிபிக்கின் குளிர் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுவதுதான் காரணம். அங்கே வெதுவெதுப்பான மாதம் செப்டம்பர்.

ஒரே ஒரு தடித்த கோட்டு

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். குளிர் என்று கேட்டதும் இருப்பதிலேயே கனமான கோட்டை எடுப்பது இயல்பு. அந்தக் கோட்டுக்கு இரண்டே நிலைதான்: போட்டிருப்பது, கழற்றியிருப்பது. 15 டிகிரி, 10 டிகிரி, 3 டிகிரி என்று ஒரே நாளில் மாறும் வானிலைக்கு இரண்டு நிலை எப்படிப் போதும்?

துணி தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு இடையிலும் அடுக்குகளுக்கு இடையிலும் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டைப் பிடித்துவைக்கிறது. மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் காற்று தங்கும். தேவைக்கேற்ப ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம். இது இன்றைய கடைச்சரக்குகளோடு வந்த யோசனை அல்ல. 1924-ல் எவரெஸ்ட்டில் மறைந்த பிரிட்டிஷ் மலையேற்ற வீரர் ஜார்ஜ் மாலரியின் உடல் 1999-ல் கிடைத்தபோது, அவர் பட்டு, பருத்தி, கம்பளி என்று பல மெல்லிய அடுக்குகளையும், அவற்றின் மேல் காற்றுப்புகாத கேபர்டீன் (நெருக்கமாக நெய்த துணி) மேலாடையையும் அணிந்திருந்தது தெரிந்தது. அதே மாதிரி தைத்த உடையை 2006-ல் எவரெஸ்ட்டிலேயே அணிந்து சோதித்தார்கள். எடை குறைவாகவும் அசைய வசதியாகவும் இருந்தது.

நம் பயணத்துக்கு மூன்று வேலைகளைச் செய்யும் மூன்று அடுக்குகள் போதும். தோலை ஒட்டியிருப்பது வியர்வையை வெளியே கடத்த வேண்டும். நடுவில் உள்ளது, அதாவது ஃபிளீஸோ (பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி) ஸ்வெட்டரோ மெல்லிய டவுன் (பறவையின் மென்மையான இறகு நிரப்பிய) ஜாக்கெட்டோ, காற்றைப் பிடித்துவைக்க வேண்டும். வெளியே உள்ளது காற்றையும் மழையையும் தடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இதமான பகலில் உள்சட்டை மட்டும், மாலையில் அதன் மேல் ஃபிளீஸ், காற்றடித்தால் ஃபிளீஸை விட்டு மேலாடை மட்டும், கடுங்குளிரில் மூன்றும் என்று சமாளிக்கலாம். அதே துணிகள்தான், சேர்க்கை மட்டும் மாறுகிறது.

இதிலும் ஒரு சிறு தவறு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து அளவு சரி என்று வாங்குகிறோம். மூன்றையும் சேர்த்துப் போடும்போது மேலாடை தோளில் இறுக்கும், கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். இறுக்கினால் நடுவில் உள்ள காற்றும் நசுங்கிவிடுகிறது. மூன்றடுக்கு இருந்தும் குளிர்வதன் காரணம் பல நேரம் இதுதான். கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக அணிந்து, கையை மேலே தூக்கி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். வெளி அடுக்கு மட்டும் ஓர் அளவு பெரிதாக இருப்பது நல்லது.

வேர்த்த பிறகு கழற்றுவது இன்னொரு பழக்கக் கோளாறு. ஏற்றத்தில் நடக்கும்போது உடம்பு நிறையச் சூட்டை உண்டாக்கும். உள்ளே நனைந்த பிறகு மேலே போய் நின்றால் அந்த ஈரமே குளிரை உள்ளே இழுக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர்ந்தால் அது சரியான அளவு. நின்றவுடன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கும் பருத்தி, எப்போதும் ஜீன்ஸ்

பருத்தி தோலுக்கு இதமானது. வறண்ட வெயிலில் அதற்கு இணை குறைவு, ஏனென்றால் அது ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாக ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கிறது. அதே குணம் குளிரிலும் மழையிலும் எதிராகத் திரும்பும். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி, காற்றிடைவெளியை இழந்து, காய மறுக்கும். ஜீன்ஸ் இதில் மோசம். கனம், இடம் அடைக்கும், நனைந்தால் மறுநாள்வரை ஈரம் போகாது. மாறும் வானிலைக்குப் போகும்போது ஜீன்ஸ் இல்லாமல் முடியாது என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பாலியஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூட ஈரத்தை உறிஞ்சுவதில்லை, அதனால் விரைவில் காய்கிறது. ஆனால் வியர்வை நாற்றம் அதில் சீக்கிரம் ஏறும். கம்பளி இதற்கு நேர்மாறு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, ஓரளவு நனைந்தாலும் சூட்டை விடாது. மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளியில் செய்த டி-ஷர்ட்டைச் சில நாட்கள் துவைக்காமலே அணியலாம். விலை கூடுதல்தான், சீக்கிரம் ஓட்டை விழவும் செய்யும். ஆனாலும் வெயில், குளிர் இரண்டுக்கும் ஒரே உள்சட்டை வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். துணி மென்மையாக்கும் திரவத்தில் இவற்றை அலசாதீர்கள். அது இழைமேல் படிந்து வியர்வையைக் கடத்தும் திறனைக் கெடுக்கும்.

வெயிலுக்குக் கையில்லாத சட்டை

சூடான ஊர் என்றால் உடை குறையக் குறைய நல்லது என்ற எண்ணம் வறண்ட வெயிலில் தவறு. முழுக்கை வைத்த, மெல்லிய, தளர்வான சட்டை தோலுக்கு நிழல் தருகிறது, உள்ளே காற்றும் ஓடுகிறது. பாலைவனத்து பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவதைப் பற்றி 1980-ல் நேச்சர் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்புத் துணி அதிகச் சூட்டை வாங்கினாலும், தளர்வான அங்கிக்குள் ஓடும் காற்று அதை வெளியே கொண்டுபோய்விடுவதால், கறுப்பானாலும் வெள்ளையானாலும் தோலுக்கு வந்துசேரும் சூடு ஒன்றுதான் என்று அதில் தெரிந்தது. நிறத்தைவிடத் தளர்வு முக்கியம். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் புற ஊதாக் கதிரை முழுமையாகத் தடுக்காது, நனைந்தால் தடுப்பு இன்னும் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். நெருக்கமாக நெய்த துணி மேல்.

ஈரப்பதம் மிகுந்த வெப்பம் வேறு கதை. அங்கே வியர்வை ஆவியாவதே கடினம். உடம்பில் ஒட்டாத, சீக்கிரம் காயும், மிக மெல்லிய துணி மட்டுமே கொஞ்சம் உதவும். வறண்ட வெயிலுக்குச் சொன்ன அந்த முழுக்கைச் சட்டையே மாலையில் கொசுவுக்கும், குளிரூட்டிய பேருந்துக்கும், மலையில் நடு அடுக்குக்கும் உதவும் என்பதால் அதற்குப் பெட்டியில் கட்டாயம் இடம் கொடுங்கள்.

மழையைப் பற்றிய தவறான நம்பிக்கைகள்

‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று எழுதியிருந்தால் தூறலுக்கு மட்டும் தாங்கும். கொட்டும் மழைக்கு ‘வாட்டர்ப்ரூஃப்’ வேண்டும், தையல் ஓரங்கள் உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல மழை ஜாக்கெட்டும் பழகப் பழக வெளிப்பூச்சை இழக்கும். கிளம்பும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டோடினால் பூச்சு இருக்கிறது. துணி நனைந்து கறுத்தால் துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியதுதான். டவுன் ஜாக்கெட்டை மழையில் காட்டவே கூடாது. நனைந்த இறகுகள் ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்காமல் போய்விடும். தொடர்மழை இருக்கும் இடத்துக்குச் செயற்கை இழை நிரப்பியதே மேல்.

தலைக்கும் கைக்கும் ஒன்றும் எடுக்காமல் போவது பரவலான மறதி. ஒரு குல்லா, மெல்லிய கையுறை, கழுத்துத் துணி மூன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடி இடம்தான் பிடிக்கும், ஆனால் ஒரு அடுக்கு கூட்டியதற்குச் சமம். பாதம் குளிர்கிறது என்று இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் சில்லிடும். ஒரே நல்ல கம்பளி சாக்ஸும், விரல்கள் அசைய இடமுள்ள ஷூவும் போதும். புது ஷூவைப் பயணத்தன்றே முதல்முறை போடவும் கூடாது.

நிறம், பொருத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மேல்சட்டையும் ஒவ்வொரு கால்சட்டையோடும் சேர வேண்டும். நான்கு மேல், மூன்று கீழ் என்றால் 12 சேர்க்கைகள். ஒரே ஒரு பேண்டோடு மட்டும் பொருந்தும் சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நாளுக்கொரு உடை என்று எண்ணுவதை விட்டு, துவைத்துக் காயவைக்கும் கணக்கில் எண்ணுங்கள். இரவில் அலசிய துணியை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, நன்றாக முறுக்கினால் ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு வாங்கிக்கொள்ளும். அதன்பிறகு காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் மெல்லிய துணிகள் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். இதை வீட்டில் ஓர் இரவு செய்துபாருங்கள். காலையில் காயாத துணியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கடைசியாக, பெட்டியில் அடுக்கும் வரிசை. கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் அணிந்துகொண்டே பயணிப்பது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் வெப்பமான ஊரிலிருந்து குளிரான ஊரில் போய் இறங்குபவர்கள் ஸ்வெட்டரை விமானத்தின் சரக்கில் போடும் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார்கள். பெட்டி வர ஒரு நாள் தாமதமானால் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு நடு அடுக்கு, மழை ஜாக்கெட், குல்லா, ஒரு மாற்று உள்சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ் ஆகியவை எப்போதும் கைப்பையில், மேலாகவே இருக்கட்டும்.