மாத்திரை டப்பாவை அவரிடமே கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் இதுதான் நடைமுறை. மனச்சிதைவோ, அளவு கடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயோ இருப்பவருக்கு நாற்பது வயதானாலும் மாத்திரை ஆச்சியின் அலமாரியில் இருக்கும், டாக்டரிடம் அண்ணன் பேசுவார், சம்பந்தப்பட்டவர் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்படி இருந்தால் அவர் எப்போது கற்றுக்கொள்வது?

வாரத்து மாத்திரைகளை நாள்வாரியாக டப்பாவில் பிரித்துப் போடுவதை அவரே செய்யட்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டும் காலத்தில் மட்டும் மருந்து வீட்டார் கையில் இருக்கட்டும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டே எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. நன்றாக இருக்கும் நாளில், நோய் திரும்புவதற்கு முன்னால் தனக்கு என்னென்ன மாறும் என்று அவரே எழுத வேண்டும். 'தூக்கம் குறையும்' என்று பொதுவாக எழுதினால் உதவாது. 'ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து முகப்பைக் கழுவ ஆரம்பிப்பேன்', 'டிவியில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும்', இப்படி. பக்கத்திலேயே அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், யார் அறிவுரை சொல்ல வரக் கூடாது என்பதும் இருக்கட்டும். டாக்டர் கிடைக்காத நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் எழுதிக்கொள்ளட்டும், இலவசம்தான், எந்நேரமும் பேசலாம். நோட்டில் இல்லாத சாதாரணக் கோபத்துக்கெல்லாம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள், கோபம் எல்லாருக்கும்தான் வரும்.

பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாசி பங்குனியில் கொஞ்சம் கவனம் வேண்டும். முத்துமாரியம்மனுக்கு விரதம் இருந்து வெயிலில் பால்குடம் எடுக்கும்போது உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கால் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டாலும் அப்படித்தான். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விரதத்தைத் தடுப்பதைவிட, முன்கூட்டியே டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்வது மேல். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் எடுப்பார்கள், அதனால் அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும்.

எடை ஏறுகிறது, பகலெல்லாம் தூக்கம் என்பதற்காகத் தானாக மருந்தை நிறுத்துபவர்கள் நிறைய. அதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டினால் அளவையோ நேரத்தையோ மாற்ற வழியிருக்கும்.

இன்னொன்று, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தன் சார்பாகப் பேச ஒருவரை அவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அண்ணன்தான் என்றில்லை, அவருக்கு நம்பிக்கையான பழைய சிநேகிதராகவும் இருக்கலாம், அந்த ஆள் பதினெட்டு வயது நிரம்பியவராகவும் பொறுப்பை ஏற்கத் தகுதியுள்ளவராகவும் இருந்து, எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். நகலை நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள், அவசரத்தில் பீரோவைக் குடைந்துகொண்டிருக்க முடியாது.