விதையிலிருந்து காய் வரை: குழந்தைகளோடு செடியைக் கவனிப்பது எப்படி

வெண்டைக்காய் முதலில் பூவாக இருந்தது என்றால் பல குழந்தைகள் நம்ப மாட்டார்கள். வாதாட வேண்டாம். பூத்த அன்றே அந்தப் பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் அவர்களே பார்த்துவிடுவார்கள். இந்தப் பாடம் முழுவதற்கும் அதுதான் வழி: ஒரே செடியை, ஒரே இடத்தில், தினமும் பார்ப்பது. பத்து வகைச் செடிகளை வைத்து எதையும் சரியாகப் பார்க்காமல் விடுவதைவிட, பீன்ஸ், வெண்டை, பூசணி மூன்றே போதும்.

கண்ணாடி டம்ளரில் பீன்ஸ்

முழு விதை வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. உடைக்கும்போதே முளைக்கரு சேதமாகிவிடும். இளஞ்சிவப்பு, பச்சை நிறத்தில் சாயம் ஏறிய விதைகளில் பூஞ்சணக்கொல்லி பூசியிருப்பார்கள், அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். வேகவைக்காத பீன்ஸ் விதையை வாயில் போடவும் விடாதீர்கள், வயிற்றைக் கெடுக்கும்.

எட்டு மணி நேரம் ஊறவைத்த விதைகளில் ஒன்றை முதலில் பிரித்துப் பாருங்கள். தோலை உரித்து, இரண்டு பருப்புகளையும் நகத்தால் மெதுவாக விலக்கினால், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டிச் செடி இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் மடித்து வைத்த இரண்டு இலைகளில் நரம்புகூடத் தெரியும். அந்த இரண்டு பருப்புகளும் வித்திலைகள், அதாவது குட்டிச் செடிக்கான சாப்பாடு.

பிறகு டம்ளரின் உட்சுவரை ஒட்டி டிஷ்யூ தாளைச் சுற்றி, நடுவில் பஞ்சை அடைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நான்கு விதைகளைச் செருகுங்கள். ஒன்று நிமிர்ந்து, ஒன்று தலைகீழாக, இரண்டு படுக்கையாக இருக்கட்டும். அடியில் 1 செ.மீ. தண்ணீர் நின்றால் போதும், தாள் அதை மேலே உறிஞ்சிக்கொள்ளும். விதையே தண்ணீரில் மூழ்கினால் மூச்சு விடக் காற்றின்றி அழுகி நாற்றமடிக்கும்.

இரண்டு மூன்று நாளில் வேர் வரும். எப்படி வைத்த விதையானாலும் வேர் கீழேதான் போகும். வேர் 2 செ.மீ. ஆனதும் டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நாளை என்ன ஆகும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம். மறுநாள் வேர்நுனி வளைந்து மறுபடியும் கீழே பார்க்கும்.

இன்னொரு டம்ளரை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். ஒரு வாரத்தில் அந்தச் செடிதான் உயரமாக இருக்கும், ஆனால் வெளிறி, மெலிந்து. ‘இதுதான் நன்றாக வளர்ந்திருக்கிறது’ என்று குழந்தை சொன்னால் உடனே மறுக்காதீர்கள். தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தேடி, வித்திலையில் இருந்ததையெல்லாம் உயரத்துக்கே செலவழித்த செடி அது.

தொட்டியில் வெண்டை

அடியில் துளையுள்ள, 30 செ.மீ. ஆழமான தொட்டி. இரண்டு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய உரம். இரவெல்லாம் ஊறிய இரண்டு விதைகளை 2 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிப்போகும். ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

குழந்தைகள் வளர்க்கும் செடிகள் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். அன்பின் மிகுதியில் நாளுக்கு நான்கு முறை தண்ணீர் ஊற்றுவார்கள். மண்ணில் விரலை முதல் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் ஊற்றக் கூடாது என்று பழக்கிவிடுங்கள். நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூலாய் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரமும் நெருக்கமும்தான் காரணம். செத்த செடியைக் குழந்தைக்குத் தெரியாமல் மாற்றிவைக்க வேண்டாம். பிடுங்கி வேரைக் காட்டுங்கள். வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகக் குழைந்திருந்தால் காரணம் அவர்களுக்கே புரியும்.

உயரத்தை வாரம் ஒரு முறை, அதே கிழமையில் அளந்தால் போதும். மண் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு குச்சியை ஊன்றி, அதில் போட்ட கோட்டிலிருந்து அளக்க வேண்டும். எண் எழுதத் தெரியாத குழந்தை செடியின் உயரத்துக்கு நூலை வெட்டித் தாளில் வரிசையாக ஒட்டட்டும், வரைபடம் தானாக உருவாகிவிடும்.

ஏறத்தாழ ஆறு வாரத்தில் பூக்கும். வெண்டைப்பூ காலையில் விரிந்து அன்றைக்கே சுருங்கிவிடும் என்பதால் காலையிலேயே பார்க்க வேண்டும். நூல் கட்டிய பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு தெரியும். தினமும் அளக்கச் சொல்லுங்கள், ஐந்தாறு நாளில் பறிக்கும் அளவுக்கு வந்துவிடும். குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள். பூவில் எத்தனை இதழ் இருந்தது என்று நோட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூசணி: பூ ஏன் உதிர்கிறது?

பூசணிக்குத் தொட்டி போதாது, தரையில் படர இடம் வேண்டும். முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துக் குழந்தைகள் கவலைப்படுவார்கள், அது இயல்பு. பிறகு வரும் பெண் பூவின் அடியில் உருண்டையாக ஒரு குட்டிப் பூசணி இருக்கும். மறுநாள் விரியப்போகும் இரண்டு பெண் மொட்டுகளை மாலையிலேயே மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். காலையில் ஒன்றை மட்டும் அவிழ்த்து, புதிதாய் விரிந்த ஆண் பூ ஒன்றின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம். தொடாத பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி விழும், தடவியது பருக்கத் தொடங்கும். தேனீ என்ன வேலை செய்கிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இலையடியில் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) வந்தால் தண்ணீர் பீய்ச்சினாலே போதும். ஓர் இலையை மட்டும் விட்டுவையுங்கள். எறும்பு ஏன் அங்கே வருகிறது, பொறிவண்டு வருகிறதா என்று பார்க்கலாம்.

கடைசிக் காய்

காய் முற்றினால் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பருவத்தின் கடைசியில் ஒரு வெண்டைக்காயை மட்டும் பறிக்காமல், காய்ந்து வெடிக்கும்வரை விடுங்கள். உள்ளே எத்தனை விதை என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே விதையில் தொடங்கியது அவர்களுக்கு நினைவிருக்கும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஒட்டுரக (ஹைப்ரிட்) விதை வாங்கி விதைத்திருந்தால் அடுத்த செடி தாயைப்போல வராமல் போகலாம்.

அடுத்த விதைப்புக்கு முன் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எண்ணிப் பார்க்கட்டும். ஏழு எட்டு முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போதும், நாலைந்துதான் முளைத்தது என்றால் குழிக்கு நான்காகப் போட வேண்டும்.